சேரிக்குக் காங்கிரீட் போட்ட கதை

தமிழ்நாட்டில் வீட்டுத் திட்டம் என்றால் எல்லா ஆட்சியும் எண்ணிக்கையில்தான் பேசும். 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 21 லட்சம் குடிசை என்று கணக்கெடுத்து, ஆறு வருஷத்தில் அத்தனையும் காங்கிரீட் வீடாகும் என்றார்கள். 2011-ல் ஆட்சி மாறியது. திட்டத்தின் பெயரும் மாறி, 300 சதுர அடியில் சூரிய ஒளிப் பசுமை வீடு வந்தது. 2016-லிருந்து பிரதமர் பெயரில் வீடு. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம்: 2030-க்குள் 8 லட்சம் வீடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். இதுக்கெல்லாம் முந்தி முப்பது வருஷம் இந்திரா காந்தி பெயரில் நடந்தது. கொடுத்தவர், கொடுத்ததாகச் சொன்னவர், கொடுக்காமலே போனவர் என்று எல்லார் பெயரும் நம்ம சுவரில் பெயிண்டில் இருக்கு. குடியிருக்கிறவன் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்.

எத்தனை வீடு என்பது அவர்கள் கேள்வி. எந்த இடத்தில் என்பது நம் கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் நல்லவர்களுக்கெல்லாம் கோபம் வந்துவிடுகிறது. "ஏழைக்கு வீடு கொடுக்கிறதுல போய் சாதியை ஏன் இழுக்கிறீங்க தோழர்?" என்று தோழர்களே கேட்கிறார்கள். நாம் எங்கே இழுத்தோம்? ஊர் என்றும் சேரி என்றும் மண்ணை இரண்டாகக் கிழித்து வைத்தது யார்? அந்தக் கிழிசலின் மேலேயே நூற்று முப்பது வருஷமாக அரசாங்கம் தையல் போட்டுக்கொண்டிருக்கிறது. அதைத்தான் வீட்டுவசதிக் கொள்கை என்று படிக்கிறோம்.

கதையை 1891-ல் ஆரம்பிக்க வேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர், அந்த ஜில்லாவின் பறையர் நிலை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போது எல்லோரும் இந்த அறிக்கையைச் சொல்வார்கள். அதில் நிலத்தோடு சேர்த்து வீட்டு மனையின் கதையும் இருக்கிறது. சேரி இருந்த மனைக்கட்டும் மிராசுதாருடையது. கூலி அதிகம் கேட்டால், வேறு ஆண்டையிடம் வேலைக்குப் போனால், கோர்ட்டில் சாட்சி சொன்னால் வீட்டைக் காலி பண்ணு என்பான். அடிமை முறையைச் சட்டம் போட்டு ஒழித்த பிறகும் பண்ணையாளைக் கட்டிப்போட விலங்கு தேவைப்படவில்லை, குடிசைக்குக் கீழே இருந்த மூணு குழி மண்ணே போதும். 1920-களில் சென்னை மாகாணத்தின் லேபர் இலாகா ஆதிதிராவிடர்களுக்காக வீட்டு மனைகளைக் கையகப்படுத்த ஆரம்பித்தபோது தஞ்சாவூர் மிராசுதாரர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்பது இப்போது புரியும். நாலு சென்ட் மண் போவது அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. ஆள் போகிறான், அதுதான் நஷ்டம்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மனைகள் இனாம் இல்லை. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தவணை கட்டி, நம் தாத்தாக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். சலுகை, இலவசம் என்று வாய் கூசாமல் பேசுகிறவர்கள் இந்தத் தவணைக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

1961-ல் குடியிருப்புதாரர்களை வெளியேற்றக் கூடாது என்று சட்டம். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி. நெல் கூலி அரைப்படி உயர்த்திக் கேட்டதற்காக 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். 1971-ல்தான் குடியிருப்பு மனையை அதில் இருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. தஞ்சைப் பண்ணையாட்களின் போராட்டம் இல்லாமல், வெண்மணி இல்லாமல் அந்தச் சட்டத்தைத் தனியாக எடுத்துப் படிக்க முடியாது. நம் கையிலிருக்கும் ஒவ்வொரு பட்டாவுக்கும் பின்னால் ஒரு சாம்பல் மேடு இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டாவில் எழுதியிருந்த இடம் எது? இருந்த அதே சேரி. ஆண்டையின் நிலத்திலிருந்த சேரி நம் நிலத்திலிருக்கும் சேரியானது. பெரிய மாற்றம்தான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் எல்லைக்கல் அசையவில்லை.

1978-ல் அரிஜன் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் தனிச் சட்டம் வந்தது. அதைச் செயல்படுத்த ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் என்று ஒரு ஆபீசே இருக்கு. வேலை நடக்கிற லட்சணம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். மனு கொடுக்கணும். தாசில்தார் வந்து இடம் பார்ப்பார். எந்த இடம்? சேரிக்குப் பின்னாலிருக்கும் பள்ளம், ஏரிக்கரை ஓரம், சுடுகாட்டுப் பாதை. ஊர்த்தெருவை ஒட்டி ஒரு புஞ்சை சும்மா கிடந்தாலும் அது கண்ணில் படாது. நிலத்துக்காரன் கோர்ட்டுக்குப் போவான், தடையுத்தரவு வாங்குவான். சட்டம் செல்லுமா செல்லாதா என்பதே சுப்ரீம் கோர்ட் வரை போய், 1990-களின் நடுவில்தான் ஒரு முடிவுக்கு வந்தது. அப்புறமும் வழக்கு ஓயவில்லை. 2019-ல் சென்னை உயர்நீதிமன்றம் அடிக்க, சட்டசபை திரும்ப உயிர்கொடுக்க, 2021-ல் சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டது. இதற்குள் மனு கொடுத்தவனின் பேரன் கல்யாணம் கட்டி அதே ஒற்றை ரூமில் சேலையால் தடுப்பு கட்டிக் குடித்தனம் நடத்துகிறான். சில ஊரில் பட்டா கொடுத்துவிடுவார்கள், நிலத்தை அளந்து காட்ட மாட்டார்கள். பட்டா பெட்டியில், இடம் காற்றில். கேட்டால் "சர்வேயர் வரலை".

மத்திய அரசின் கதை தனி. 1985-ல் இந்திரா வீட்டுத் திட்டம் தொடங்கியபோது அது தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் என்று நமக்காகவே வந்தது. 1993-94ல் எல்லா ஏழைகளுக்கும் என்று விரித்தார்கள், 60 சதவீதம் நமக்கு என்று வைத்துக்கொண்டு. விரித்ததில் எனக்குத் தகராறு இல்லை. பணத்தைப் பாருங்கள். 2008-ல் வீட்டுக்கு 35,000 ரூபாய், 2010-ல் 45,000, 2013-ல் 70,000. பிரதமர் திட்டமான பிறகு 1,20,000. அந்தப் பணத்தில் சிமெண்டும் கம்பியும் வாங்கி, கொத்தனாருக்குக் கூலி கொடுத்து, வீடு கட்டிக்கொள்ள வேண்டுமாம். பேஸ்மட்டம் வரை ஒரு பில், லிண்டலுக்கு ஒரு பில், ரூஃப் போட்ட பிறகு ஒரு பில். ஒவ்வொரு பில்லுக்கும் ஓவர்சியர் வரணும், போட்டோ எடுக்கணும், கவனிக்க வேண்டியவர்களைக் கவனிக்கணும். முதல் பில் வருவதற்கு முன்னாலேயே பேஸ்மட்டம் போட வேண்டுமே, அதற்கு எங்கே போவான்? வட்டிக்கு. வட்டிக்காரன் யார்? ஊர்த்தெருக்காரன். ஆக அரசாங்கம் கொடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் ஆண்டை போட்டான். தொகுப்பு வீடு என்று வரிசையாக நிற்கிறதே, அதில் பாதி வீட்டில் காரை பெயர்ந்து கம்பி துருத்திக்கொண்டிருக்கும். மழைக்கு ஒழுகும் காங்கிரீட்டுக்கு மேல் தார்ப்பாய் போட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கீத்துக் கொட்டகையும் போட்டு, ஜனம் அந்தக் கொட்டகையில் படுத்துக் கிடக்கும். கணக்கில் அது குடிசை இல்லை, காங்கிரீட் வீடு.

நான் வங்கியில் குமாஸ்தா. கவிதை எழுதுவது சாயந்தரத்தில். பகலில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஊர்த்தெருக்காரர் வீட்டுக் கடன் கேட்டு வருகிறார். தாய்ப் பத்திரம் இருக்கு, வில்லங்கச் சான்று இருக்கு, வக்கீல் ஒப்பீனியன் வருது, வேல்யுவேஷன் வருது, கடன் கிடைக்குது. காலனிக்காரர் வருகிறார். ஆசிரியர் வேலை, சம்பள சீட்டு சரியாக இருக்கு. பத்திரம் கேட்டால் பட்டா கொடுக்கிறார். அதில் நிபந்தனை இருக்கு: விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. வக்கீல் ஒரே வரியில் எழுதிவிடுவார், விற்கத்தக்க உரிமை இல்லை என்று. முடிந்தது. நிபந்தனை எதற்கு? ஊர்க்காரன் ஏமாற்றி எழுதி வாங்கிவிடக் கூடாது என்பதற்குத்தான், பஞ்சமி நிலத்தில் நடந்த கொள்ளையைப் பார்த்தவர்கள் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். பாதுகாப்பு என்ற பெயரில் நம் மண் மட்டும் பணமாகாத மண்ணாகிவிட்டது. அப்படியே நிபந்தனை இல்லாத மனையாக இருந்தாலும் வேல்யுவேஷன் போடுகிறவர் "காலனிக்குள்ள" என்று சொல்லிக்கொண்டே ஒரு எண்ணைக் குறைத்து எழுதுவார். அதே செங்கல், அதே மணல், அதே கொத்தனார். குறைந்தது எதன் விலை என்று மட்டும் எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. விற்காமல், ஏமாறாமல், அதே நேரம் வங்கியில் மட்டும் ஈடு வைக்க வழி செய்து உத்தரவு போடுவது பெரிய ராக்கெட் வித்தையா? செய்ய மனசில்லை, அவ்வளவுதான்.

பட்டணத்துக்கு வருவோம். 1961-ல் வீட்டுவசதி வாரியம் ஆரம்பித்தது. உயர் வருவாய், நடுத்தர வருவாய், குறைந்த வருவாய் என்று ஆளைத் தரம் பிரித்து வீடு கட்டியது. அண்ணா நகரும் கே.கே. நகரும் வந்தன. யார் போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 1970-ல் குடிசை மாற்று வாரியம், அடுத்த வருஷமே சட்டம். சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் என்று கணக்கெடுத்து, ஏழு வருஷத்தில் குடிசையே இல்லாமல் ஆக்குவோம் என்றார்கள். ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது வாரியத்தின் வாசகம். கிண்டல் செய்வது சுலபம். ஆனால் அந்த முதல் சில வருஷங்களில் இருந்த இடத்திலேயே மூணு மாடி, நாலு மாடி அடுக்குவீடு கட்டிக் கொடுத்தார்கள். கடற்கரை ஓரத்திலும் நகரத்து நடுவிலும் ஜனத்தைப் பெயர்க்காமல் கட்டினார்கள். கட்டடம் மட்டமாக இருந்திருக்கலாம், மனுசன் பிழைப்பு கெடவில்லை. இந்த நாட்டில் எந்த அரசும் நகரத்து ஏழைக்குச் செய்ததில் உருப்படியானது அந்தச் சில வருஷங்கள்தான் என்பது என் அபிப்பிராயம்.

பெயரைக் கவனித்தீர்களா? தமிழில் குடிசை 'மாற்று' வாரியம். இங்கிலீஷில் ஸ்லம் 'கிளியரன்ஸ்' போர்டு, அதாவது அகற்று வாரியம். தமிழ்ப் பெயர் ஓட்டுக் கேட்க, இங்கிலீஷ் பெயர் ஆபீசில் ஃபைல் நடத்த. கடைசியில் இங்கிலீஷ் பெயர்தான் ஜெயித்தது. 2021-ல் அதையும் மாற்றி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று வைத்தார்கள்.

1977-ல் உலக வங்கி வந்தது. அடுக்குவீடு கட்டினால் செலவு, ஏழை கொடுக்கிற வாடகை கட்டுப்படியாகாது, மனையை அளந்து தண்ணி லைன் கரண்ட் லைன் கொடுத்து விற்றுவிடு, அவனே கட்டிக்கொள்ளட்டும் என்றார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் எல்லாம் அப்படி வந்தவை. இருக்கிற குடிசைப் பகுதிகளிலும் வசதி செய்து கொடுத்து, மனையைத் தவணைக்குக் கொடுத்தார்கள். இதில் நல்லதும் நடந்தது. ஆனால் தவணையெல்லாம் கட்டி முடித்தும் கிரயப் பத்திரம் வராமல் வாரியத்தின் படிக்கட்டைத் தேய்த்தவர்கள் எத்தனை பேர். 1971 சட்டப்படி குடிசைப் பகுதி என்று அறிவித்தால்தான் பாதுகாப்பு, வசதி எல்லாம். 1985-ல் ஒரு 17 பகுதியைச் சேர்த்தார்கள். அத்தோடு அந்தப் பட்டியலின் கதவைச் சாத்திவிட்டார்கள். 1985-க்குப் பிறகு சென்னையில் சேர்ந்த குடிசைக்காரனெல்லாம் சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளன். அதே 1985-ல்தான் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பும் உயிர்வாழும் உரிமைதான் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. சொல்லிவிட்டு, முறைப்படி நோட்டீஸ் கொடுத்துக் காலி பண்ணலாம் என்றும் சொன்னது. நாம் படிக்கும்போது முதல் பாதியைப் படிக்கிறோம், புல்டோசர்காரன் இரண்டாம் பாதியைப் படிக்கிறான்.

2000-லிருந்து கண்ணகி நகர். அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். நகரத்தின் நடுவில் கூவம் ஓரம், அடையாறு ஓரம், பறக்கும் ரயில் பாதை ஓரம் இருந்தவர்களை இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் இறக்கினார்கள். கண்ணகி நகரில் 15,000 வீட்டுக்கு மேல், செம்மஞ்சேரியில் 6,700-க்கு மேல், பெரும்பாக்கத்தில் 20,000-க்கு மேல். கண்ணகி நகரின் ஆரம்ப வீடுகள் 195 சதுர அடி. 2015 டிசம்பர் வெள்ளம் வடிவதற்குள் லாரியில் ஏற்றினார்கள், வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி. கொண்டுபோய் விட்ட இடம் பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய பள்ளம். பரீட்சை நேரத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுப் பெயர்த்த பிள்ளைகள், வீட்டு வேலைக்குப் போன மைலாப்பூர் வீட்டுக்குப் பஸ் பிடிக்க விடியற்காலை நாலு மணிக்கு எழுந்த அம்மாக்கள், வேலைக்கு மனுப்போட்டால் முகவரி பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்ட பையன்கள், எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் இங்கே வருகிற போலீஸ். 2025-ல் கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி ஆசிய இளையோர் போட்டியில் கபடி தங்கம் கொண்டுவந்தபோதுதான் அந்த முகவரியை மந்திரிகள் சந்தோஷமாக உச்சரித்தார்கள்.

அங்கே போனவர்கள் எல்லாரும் தலித்துகள் இல்லை என்பது உண்மை. மீனவர்கள் இருக்கிறார்கள், முஸ்லிம்கள் இருக்கிறார்கள், வேறு சாதி ஏழைகள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வரைபடம் யாருடையது? வேலைக்கு ஆள் வேண்டும், பக்கத்தில் குடியிருக்கக் கூடாது. ஊரின் எச்சில் வேலை செய்ய வரணும், பொழுது சாய்ந்தால் எல்லைக்கு அப்பால் போயிடணும். பழைய மகாமுத்திரையைத்தான் ஐ.ஏ.எஸ். படித்தவர்கள் மாஸ்டர் பிளான் தாளில் குத்தியிருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடத்தின் கக்கூஸ் கழுவ ஆள் வேண்டுமே, சேரி அந்தத் தூரத்தில் இருந்தால் தோதாகத்தான் இருக்கும். கட்டடத்தின் தரம் வேறு கதை. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பில் புதுசாகக் கட்டிய அடுக்குவீட்டின் பூச்சை விரலால் சுரண்டினால் கொட்டியது. அந்த டிசம்பரில் திருவொற்றியூரில் பழைய கட்டடம் ஒன்று 24 வீட்டோடு சரிந்தது. விரிசலைப் பார்த்து முன்னாலேயே ஜனம் வெளியே ஓடி வந்ததால் உயிர் பிழைத்தது.

சரி, அரசாங்க வீடு வேண்டாம், வாடகைக்குப் போகலாம் என்றால்? நானும் என் மனைவியும் வேலை மாற்றலாகிப் போன ஒரு ஊரில் இருபத்தேழு வீடு பார்த்தோம். "பேங்க்ல வேலையா, ரொம்ப நல்லது" என்பார்கள். காப்பி கொடுப்பார்கள். சொந்த ஊர் எது என்பார்கள். அந்த ஊரில் எந்தத் தெரு என்பார்கள். அடுத்த நாள் போன் வரும், எங்க தம்பி குடும்பம் வருதுங்க. எத்தனை தம்பி இந்த நாட்டு வீட்டுக்காரர்களுக்கு! கடையில், ஓட்டலில், கிணற்றில் பாகுபாடு கூடாது என்று அரசியல் சாசனம் 15-ஆம் பிரிவில் பெயர் சொல்லி எழுதியிருக்கு. வாடகை வீடு என்று எழுதவில்லை. 2005-ல் அகமதாபாத் பார்சிகளின் வீட்டுச் சங்க வழக்கில், சங்கம் தன் ஆட்களுக்கு மட்டும் வீடு என்று விதி வைத்துக்கொள்ளலாம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பிராமணர்களுக்கு மட்டும் என்று அடுக்குமாடி விளம்பரம் வருகிறதே, அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்று நினைத்தீர்கள்?

இதற்கெல்லாம் பதிலாகச் சமத்துவபுரத்தைக் காட்டுவார்கள். தென்மாவட்டக் கலவரங்களுக்குப் பிறகு 1997-ல் அறிவித்து, 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவதைத் திறந்தார்கள். 100 வீடு: தலித்துக்கு 40, பிற்பட்டோருக்கு 25, மிகப் பிற்பட்டோருக்கு 25, மற்றவருக்கு 10. பக்கத்துப் பக்கத்து வீடு, பொதுச் சுவர், வாசலில் பெரியார். இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் இப்படி ஒரு யோசனை வரவில்லை, அதற்கு மரியாதை கொடுக்கிறேன். இரண்டு கட்டமாகச் சேர்த்து சுமார் 240 சமத்துவபுரம். அதாவது 24,000 வீடு, அதில் நம் பங்கு 9,600. தமிழ்நாட்டின் கிராமப் பஞ்சாயத்து 12,000-க்கு மேல். பஞ்சாயத்துக்கு ஒரு வீடுகூட வரவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது எண்ணிக்கை இல்லை. சமத்துவத்துக்கு ஊருக்குள் இடம் கிடைக்கவில்லை, அதனால் ஊருக்கு வெளியே அதற்கும் ஒரு காலனி கட்டினார்கள். ஊர் அப்படியே இருக்கிறது. சேரி அப்படியே இருக்கிறது. மூன்றாவதாக ஒன்று. உத்தப்புரத்தில் 1989-ல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை ஆனது. முதல் சமத்துவபுரத்தைத் திறந்ததும் அந்தச் சுவரின் ஆயுளுக்குள்ளேயேதான்.

அம்பேத்கர் தனிக் குடியிருப்பு கேட்டாரே என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1942-ல் நாக்பூரில் தனிக் கிராமங்கள் கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். ஆனால் அது விளைநிலத்தோடு, சாதி இந்துவின் கூலியை நம்பாமல் நிற்கும் கிராமம். இப்போது கொடுப்பது மூணு சென்ட், அதில் ஒரு ரூம். காலையில் எழுந்தால் கூலிக்கு அதே ஊர்த்தெருவில்தான் போய் நிற்க வேண்டும். அம்பேத்கர் கேட்ட பிரிவு விடுதலைக்கு. சர்க்கார் கொடுக்கிற பிரிவு வேறு ஜாதகம்.

வறுமைதான் பிரச்சினை, வீடு நல்லதானால் மரியாதை தானாக வரும் என்பவர்கள் கொடியங்குளத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். 1995 ஆகஸ்ட் 31-ல் போலீஸ் புகுந்து உடைத்தது குடிசைகளை இல்லை. வளைகுடாவில் உழைத்த காசில் கட்டிய வீடு, வாங்கிய டி.வி., பீரோ, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட். 2012 நவம்பர் 7-ல் தர்மபுரி நத்தம் காலனியிலும் சுற்றியுள்ள காலனிகளிலும் 250-க்கும் மேற்பட்ட வீட்டைக் கொளுத்தினார்கள். பெங்களூரில் சித்தாள் வேலை பார்த்துச் சேர்த்துக் கட்டிய வீடுகள். வெண்மணியில் எரிந்தது கூரை, நத்தத்தில் எரிந்தது கிரைண்டரும் பைக்கும். கூரை இருந்தாலும் கொளுத்துவான், காங்கிரீட் போட்டால் கட்டாயம் கொளுத்துவான். 2019 டிசம்பர் 2 விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில் நடந்தது தீ கூட இல்லை. வீடுகளுக்குப் பக்கத்தில் ஓங்கி நின்ற மதில் மழையில் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். அந்த மதிலை எடுக்கச் சொல்லி ஜனம் ஏற்கெனவே கேட்டிருந்தது. நடூரில் வீடு பலமாக இருந்ததா என்று கேட்பீர்களா, மதில் ஏன் அங்கே இருந்தது என்று கேட்பீர்களா?

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போவீர்கள். உங்கள் ஒன்றியத்தில் 1978 சட்டப்படி எடுத்த நிலங்களின் சர்வே எண் எல்லாம் தனி வட்டாட்சியர் ஆபீசில் இருக்கு. கேட்டு வாங்குங்கள். எத்தனை மனைக்குப் பட்டா, எத்தனையை அளந்து காட்டியிருக்கிறார்கள், எத்தனை வழக்கில் கிடக்கிறது. பிறகு கிராம வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு மனையும் ஊர்த்தெருவிலிருந்து எத்தனை மீட்டர் என்று நூல் பிடித்து அளந்து குறியுங்கள். ஒன்றிய ஆபீசில் தனியாக இன்னொரு மனு: கடந்த 30 வருஷத்தில் அரசுப் பணத்தில் கட்டிய வீடுகளில், ஊர் நத்தத்துக்குள் தலித் பெயரில் எத்தனை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால் அதே ஆபீஸ் மேலதிகாரிக்கு அப்பீல், அதற்கு ஸ்டாம்ப் வேண்டாம். மனு எழுத வராதவர்கள் பத்திரிகை முகவரிக்குக் கார்டு போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு லீவு, எழுதித் தருகிறேன்.